பழைய மரப்படகில் இத்தாலியக் கரையோரம்

இத்தாலியின் மேற்குக் கரையோரமாகப் படகில் போய் வந்தேன் என்று சொன்னால், கேட்பவர்களின் மனத்தில் வெள்ளை நிற மோட்டார் படகும் அதன் மேல்தளத்தில் மெத்தை போட்டுச் சாய்ந்திருக்கும் செல்வந்தர்களும்தான் முதலில் தோன்றுகிறார்கள். நாங்கள் போன படகின் மேல்தளத்தில் மெத்தை போட இடம் கிடையாது. உள்ளறையில் நிமிர்ந்து நிற்க முடியாது. சமைப்பது, சாப்பிடுவது, வரைபடம் பார்ப்பது எல்லாமே உட்கார்ந்தபடிதான். ஃபோக்போட் என்னும் வகையைச் சேர்ந்த அந்த மரப்படகு 1960-களில் டென்மார்க்கில் கட்டப்பட்டு, பல கை மாறி, கடைசியில் ஜெனோவாவில் வசிக்கும் என் நண்பர் ஒருவரிடம் வந்து சேர்ந்தது. அவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். பாய் விரித்துப் படகு ஓட்டுவதைத் தம் தந்தையிடம் சிறு வயதிலேயே கற்றவர். கோடைதோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே நகர்த்தி, லா ஸ்பெசியா வளைகுடாவில் தொடங்கிய பயணத்தை நேப்பிள்ஸ் வளைகுடா வரை கொண்டு வந்திருக்கிறோம். கயிறு இழுப்பது, சமைப்பது, அடியில் சேரும் தண்ணீரை இறைப்பது ஆகியவை என் பொறுப்பு.

ஃபோக்போட்டின் பிறப்பே சிக்கனத்தில்தான். இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1941-இல், ஸ்காண்டிநேவிய நாடுகளின் பாய்ப்படகுக் கூட்டமைப்பு, நடுத்தர வருவாய் உள்ள ஒருவர் வாங்கக்கூடிய, விடுமுறைப் பயணத்துக்கும் பந்தயத்துக்கும் ஒருசேர உதவக்கூடிய சிறு படகுக்கான வடிவமைப்புப் போட்டியை அறிவித்தது. வந்த வரைபடங்களில் எதுவும் முழுத் திருப்தி அளிக்காததால் முதல் பரிசு யாருக்கும் தரப்படவில்லை. சிறந்த சிலவற்றின் நல்ல அம்சங்களை ஒன்றுசேர்த்து டோர்ட் சுண்டேன் இறுதி வடிவத்தை வரைந்தார்; 1942-இல் முதல் படகு கோத்தன்பர்க்கில் நீரில் இறங்கியது. நீளம் 7.68 மீட்டர், அகலம் 2.20 மீட்டர், நீருக்குக் கீழே ஆழம் 1.20 மீட்டர், பாய்களின் பரப்பு 24 சதுர மீட்டர். ஏறத்தாழ 2 டன் எடையில் பாதிக்கு மேல் அடியில் பொருத்தப்பட்ட இரும்பு என்பதால், இவ்வளவு சிறிய படகாக இருந்தும் காற்றில் கவிழ்ந்துவிடும் என்ற பயம் வருவதில்லை. 1960-இல் அட்லாண்டிக்கைத் தனி ஆளாகக் கடக்கும் முதல் பந்தயத்தில் பிளாண்டி ஹாஸ்லர் ஓட்டிய 'ஜெஸ்டர்' என்ற படகும் மாற்றியமைக்கப்பட்ட ஒரு ஃபோக்போட்தான்.

பழைய படகுகள் விஷயத்தில் இத்தாலியர்கள் கறாரானவர்கள். 1950-க்கு முன் நீரில் இறங்கியவற்றை 'எபோகா' என்றும், அதற்குப் பின் 1975 வரை கட்டப்பட்டவற்றை 'கிளாசிக்' என்றும் பிரித்துத்தான் பந்தயங்களில் சேர்க்கிறார்கள். அந்தக் கணக்கில் எங்கள் படகு இரண்டாம் வகுப்புக்காரர். போர்ட்டோ சாண்டோ ஸ்டெஃபானோவிலோ இம்பேரியாவிலோ பழம்படகுகள் கூடும் காலத்தில், பித்தளை பளபளக்கும் நெடிய படகுகளின் வரிசைக்குப் பக்கத்தில் போய் நின்றால், வேலையாட்கள் வந்து போகும் படகு என்றே இதை நினைப்பார்கள். நண்பருக்கு அதில் உள்ளூர ஒரு மகிழ்ச்சி உண்டு. யாரும் கட்டணம் கேட்க அவசரப்படுவதில்லை.

இந்தப் படகின் பக்கப் பலகைகள் ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன் விளிம்பின் மேல் மற்றொன்று ஏறி அமர்ந்து, செம்பு ஆணிகளால் இறுக்கப்பட்டிருக்கும். பலகைகளுக்கு இடையே தண்ணீர் வராமல் தடுப்பது பெரும்பாலும் மரத்தின் ஊறல்தான். பால்டிக் கடலின் குளிர்ந்த, உப்புக் குறைந்த நீருக்காகவும் மங்கிய வெயிலுக்காகவும் உருவான இந்தக் கட்டுமானத்தை மத்தியதரைக் கடலுக்குக் கொண்டு வரும்போது தொல்லைகள் தொடங்குகின்றன. குளிர்காலம் முழுவதும் கரையில் ஏற்றி வைத்திருந்த படகை வசந்தத்தில் இறக்கும்போது பலகைகள் சுருங்கிப்போயிருக்கும். ஒரு முறை படகுப் பட்டறையில் கிரேன் ஓட்டுபவர், படகை நீரில் வைத்தவுடனே பட்டைகளைக் கழற்றிவிட்டு மதிய உணவுக்குப் போக முற்பட்டார்; நண்பர் அவர் முன்னால் போய் நின்றுகொண்டு நகர மறுத்துவிட்டார். உள்ளே எட்டிப் பார்த்தால், வரிசை வரிசையாக எல்லா இணைப்புகளிலும் நீர் மெல்லிய நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. கிரேனின் பட்டைகளிலேயே படகைத் தொங்கவிட்டு, மரம் ஊறி இணைப்புகள் தாமாக மூடிக்கொள்ளும் வரை, அன்று மாலையும் மறுநாள் காலையும் நான் பம்பை விட்டு நகரவில்லை. கோடையில் பிரச்சினை மேலே இடம் மாறுகிறது. நீர்மட்டத்துக்கு மேலே உள்ள பலகைகள் வெயிலில் காய்ந்து விரிசல் காட்டுவதால், சூரியன் சாய்ந்ததும் வாளி வாளியாகக் கடல்நீரை மொண்டு பக்கங்களிலும் தளத்திலும் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் உதவாது. நல்ல தண்ணீர் மரத்தை உளுக்க வைக்கும், உப்பு நீர் காக்கும். பக்கத்துப் படகுக்காரர்கள் தங்கள் பிளாஸ்டிக் தளங்களில் படிந்த உப்பை நல்ல தண்ணீரால் கழுவிக்கொண்டிருக்கும்போது, நாங்கள் எதிர்த்திசையில் உழைத்துக்கொண்டிருப்போம்.

ஒரு படகு எவ்வளவு வேகமாகப் போகும் என்பதைப் பெரிதும் நீர்க்கோட்டில் அதன் நீளம் முடிவு செய்கிறது. ஃபோக்போட்டுக்கு அந்த நீளம் 6 மீட்டர். அதன் உச்ச வேகம் ஏறத்தாழ 6 நாட், அதாவது மணிக்கு 6 கடல் மைல் (ஏறத்தாழ 11 கிலோமீட்டர்). பின்காற்று நன்றாக இருக்கும் நாளில் சராசரியாக 5 நாட் கிடைத்தால் நாங்கள் முகம் மலர்வோம். 4 என்பதே வழக்கம். பகல் வெளிச்சத்தில் முடிக்கக்கூடிய தூரம், ஆகவே, 30 முதல் 40 கடல் மைல். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு வரைபடத்தைப் பார்க்கும்போதுதான் இத்தாலியின் மேற்குக் கரை எனக்குப் புரியத் தொடங்கியது. லா ஸ்பெசியா வளைகுடாவில் உள்ள லெரிச்சியிலிருந்து லிவோர்னோ ஏறத்தாழ 35 கடல் மைல். லிவோர்னோவிலிருந்து கப்ராயா தீவும் அதே அளவு. அங்கிருந்து எல்பா 20 சொச்சம். எல்பாவின் கிழக்குப் பக்கத்திலிருந்து ஜிலியோ தீவு 30 சொச்சம். போன்சாவிலிருந்து வென்டோடெனே, வென்டோடெனேயிலிருந்து இஸ்கியா ஒவ்வொன்றும் 20-ஐ ஒட்டி. ரோமானியச் சரக்குக் கப்பல்கள் சாதகமான காற்றில் 4 முதல் 6 நாட் வேகத்தில் ஓடின என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். எங்களுக்கு எங்கே இருட்டுகிறதோ அங்கேதான் அவர்களுக்கும் இருட்டியிருக்கிறது. துறைமுகம், கோட்டை, நாடு கடத்தப்பட்டவர்களுக்கான தீவு, கடற்கொள்ளையரை எதிர்பார்த்துக் கட்டிய காவல் கோபுரம் என இந்தக் கரையில் உள்ளவற்றில் பெரும்பகுதி, பாய்க்கப்பல் ஒரு பகலில் போகக்கூடிய தூரத்தை வைத்து அமைந்தவை. 25 நாட் வேகத்தில் விரையும் மோட்டார் படகில் வருபவருக்கு இவை தனித்தனி அழகுக் காட்சிகள். மெதுவாக வருபவருக்கு ஒரே வழித்தடத்தின் தங்குமிடங்கள்.

காற்றும் பழைய முறைப்படியே நடத்துகிறது. கோடையில் வானிலை நிலையாக இருக்கும்போது காலையில் கடல் எண்ணெய் பூசினாற்போல அசைவற்றுக் கிடக்கும். நிலம் சூடேறி, முற்பகலின் முடிவில் மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ கடற்காற்று எழும். பிற்பகல் முழுவதும் வீசிவிட்டுப் பொழுது சாய்ந்ததும் அடங்கும். தெற்கே போகிறவருக்கு இது வரப்பிரசாதம். வடக்கே திரும்பி வருகிறவர்கள் விடியுமுன் எழுந்து இயந்திரத்தை முடுக்குவதைத் துறைமுகங்களில் தினமும் கேட்கலாம். இந்த ஒழுங்கைக் குலைப்பவை மூன்று: தென்மேற்கிலிருந்து பெரிய அலைகளுடன் வரும் லிபெச்சோ, தென்கிழக்கிலிருந்து புழுக்கத்தையும் ஆப்பிரிக்கத் தூசியையும் கொண்டுவரும் சிரோக்கோ, பிரான்சிலிருந்து இறங்கி கார்சிகாவுக்கும் சார்டினியாவுக்கும் இடையே உள்ள போனிஃபாச்சோ நீரிணையில் பிதுங்கிக்கொண்டு நடுக்கடலில் விரியும் மிஸ்ட்ரல். வானொலியின் 68-ஆம் அலைவரிசையில் வானிலை அறிக்கை இடைவிடாமல் ஒலிக்கிறது. முதலில் இத்தாலிய மொழியில், பிறகு ஆங்கிலத்தில், உணர்ச்சியே இல்லாத இயந்திரக் குரலில் கடற்பகுதி கடற்பகுதியாக வாசித்துக்கொண்டே போகும். எச்சரிக்கை என்ற சொல் வந்தால் நண்பர் அன்றைய பயணத்தை ரத்து செய்துவிட்டு வார்னிஷ் டப்பாவைத் திறப்பார்.

அவருடைய இந்தக் கண்டிப்புக்குக் காரணம் நாங்கள் தொடங்கிய இடத்திலேயே இருக்கிறது. லா ஸ்பெசியா வளைகுடாவைக் கவிஞர்களின் வளைகுடா என்கிறார்கள். ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி, லெரிச்சிக்குப் பக்கத்தில் கடலை ஒட்டிய ஒரு வீட்டில் தங்கியிருந்தார். 1822 ஜூலை 8 அன்று, லிவோர்னோவிலிருந்து தம் 'டான் ஜுவான்' என்ற சிறு பாய்மரப் படகில் வீடு திரும்பப் புறப்பட்டவர் வந்து சேரவில்லை. படகு நீளத்தில் எங்கள் படகை ஒத்ததுதான். ஆனால் அதன் உருவத்துக்கு மிஞ்சிய பாய்களை அதில் ஏற்றியிருந்தார்கள். பிற்பகலில் எழுந்த புயற்காற்றில் அது மூழ்கியது. ஷெல்லியுடன் அவருடைய நண்பரும் வேலைக்கு வந்த ஒரு சிறுவனும் இறந்தார்கள். வியாரெஜோவுக்கு அருகே ஒதுங்கிய கவிஞரின் உடலைக் கடற்கரையிலேயே எரித்தார்கள். அதே 35 மைலை நாங்கள் எதிர்த்திசையில் கடந்தபோது, அப்புவான் மலைகளின் மேல் பிற்பகல் மேகம் கோபுரமாக எழும்பத் தொடங்கியதும், மழை ஒரு துளி விழும் முன்பே நண்பர் பெரிய பாயைச் சுருக்கச் சொன்னார். எனக்கு அது அதிகப்படியான எச்சரிக்கையாகத் தோன்றவில்லை.

கப்ராயா எரிமலைப் பாறைத் தீவு. 1986 வரை அதன் ஒரு பகுதி கைதிகளை வைத்துப் பயிர் செய்யும் சிறைக் குடியிருப்பாக இருந்ததால், கட்டடங்கள் முளைக்காமல் தப்பித்தது. எல்பாவின் போர்ட்டோஃபெராயோ துறைமுகம் 1548-இல் முதலாம் கோசிமோ தே மெதிச்சி எழுப்பிய கோட்டைகளின் மடியில் இருக்கிறது. 1814 மே மாதம் நெப்போலியன் இறங்கியதும், 1815 பிப்ரவரி 26 அன்று தப்பித்துக் கப்பலேறியதும் இங்கேதான். ரோமானியருக்கு முன் இங்கே வாழ்ந்த எட்ருஸ்கர்கள் காலத்திலிருந்தே இரும்புக்காகத் தோண்டப்பட்ட தீவு இது. தென்கிழக்கு முனையில் உள்ள கலமீட்டா மலையில் காந்த இரும்புத்தாது மிகுதி என்பதால் அந்தப் பக்கம் போகும்போது திசைகாட்டியை நம்பக்கூடாது என்பது மாலுமிகளின் பழைய பாடம். ஜிலியோவின் துறைமுகத்துக்குள் நுழையும் முன் தெற்கே தெரியும் பாறைகள்தான் 2012 ஜனவரி 13 இரவு கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுப் பயணக் கப்பலின் அடிப்பகுதியைக் கிழித்தவை. 4,200 பேர் பயணம் செய்த கப்பலில் 32 பேர் இறந்தார்கள். அந்தக் கப்பலை 2014 ஜூலையில் மிதக்கவைத்து ஜெனோவாவுக்கு இழுத்துச் சென்று உடைத்துவிட்டார்கள். பாறைகள் கரைக்கு எவ்வளவு அருகில் இருக்கின்றன என்பதை நேரில் பார்க்கும்போது, அத்தனை பெரிய கப்பலுக்கு அங்கே என்ன வேலை என்ற கேள்வியைத் தவிர வேறெதுவும் தோன்றுவதில்லை.

இத்தாலியத் துறைமுகங்களில் படகைக் கட்டும் முறை எங்கள் படகுக்குப் பரம எதிரி. கரைச்சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நிறுத்த இடம் தரமாட்டார்கள். பின்பக்கத்தைக் கரைக்குக் காட்டி, பின்னோக்கி ஓட்டி, இரண்டு படகுகளுக்கு நடுவே செருக வேண்டும். அடியில் நீண்ட கட்டையும் அதன் முடிவில் சுக்கானும் உள்ள பழைய படகு முன்னோக்கி மட்டுமே சொன்ன பேச்சைக் கேட்கும். பின்னோக்கிப் போகும்போது சுக்கானை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது தன் விருப்பப்படியே போகும். துறைமுகப் பணியாளர் கரையில் நின்று கைகளை ஆட்டி, 'பின்னால், பின்னால்' என்று கத்துவார். இருபுறமும் உணவு மேசைகளில் இருப்பவர்கள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். நண்பர் இதற்கெல்லாம் அசையமாட்டார். படகின் முன்பக்கத்தையே கரைக்குக் காட்டி நேராக நுழைவார். கரைச்சுவரிலிருந்து கடலுக்கடியில் உள்ள கான்கிரீட் கட்டைக்குப் போகும் கயிற்றை நான் கொக்கியால் தூக்கிப் பிடித்து, கைக்குக் கை மாற்றி, படகின் பக்கவாட்டில் பின்னோக்கி நடந்து, பின்புறக் கட்டையில் இறுக்க வேண்டும். அந்தக் கயிறு மாதக்கணக்காக நீருக்கடியில் கிடப்பது. வழவழவென்ற பாசியும், அதனுள் ஒளிந்திருக்கும் சிப்பிக் குஞ்சுகளின் கூரிய ஓடுகளும், சேற்று நாற்றமும் சேர்ந்து, கையுறை போடாதவரின் உள்ளங்கையைக் கோடு கோடாகக் கீறிவிடும். முன்பக்கம் கரையில் இருப்பதால் ஒரு லாபமும் உண்டு: நடைபாதையில் போகிறவர்கள் எங்கள் உள்ளறைக்குள் எட்டிப் பார்க்க முடியாது.

கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஆர்ஜென்டாரியோ முனையைத் தாண்டியதும் கரை தாழ்ந்து மணற்பாங்காகிறது. சிவிடாவெக்கியாவிலிருந்து ஆன்சியோ வரை 50 கடல் மைலுக்கு மேல். நடுவே ஒதுங்க நல்ல இடம் குறைவு. டைபர் நதி கொண்டுவந்து கொட்டும் மண்ணால் கலங்கிய நீர். பேரரசர் கிளாடியஸ் கட்டத் தொடங்கி டிராஜன் விரிவாக்கிய ரோமின் பெருந்துறைமுகம், கரை முன்னே நகர்ந்துவிட்டதால் இன்று நிலத்துக்குள், விமான நிலையத்தின் ஓரத்தில் இருக்கிறது. ஆன்சியோவில் நீரோ கட்டிய துறைமுகத்தின் சிதைவுகளை அலைகள் தின்றுகொண்டிருக்கின்றன. இப்போதைய துறைமுகத்தின் வாயிலிலும் மணல் சேர்ந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பகுதியைப் பற்றிச் சொல்ல எனக்கு இதற்கு மேல் ஆசையில்லை.

ஆன்சியோவிலிருந்து போன்சாவுக்குத் திறந்த கடல். பிறை வடிவத் தீவு. வெள்ளையும் மஞ்சளுமான செங்குத்துப் பாறைகள். பல நிறங்களில் அடுக்கடுக்காக வீடுகள். முசோலினியின் ஆட்சி தன் எதிரிகளை இங்கே அடைத்து வைத்தது. 1943 கோடையில் பதவி பறிக்கப்பட்ட முசோலினியையே கொண்டுவந்து சில நாள் அடைத்து வைத்தார்கள். வரலாறு இவ்வளவு நேரடியாகப் பழிவாங்குவது அரிது. ஆகஸ்டில் போன்சாவுக்குப் போக வேண்டாம் என்பேன். ஆகஸ்ட் 15 விடுமுறையை ஒட்டி நேப்பிள்ஸ், ரோம் இரண்டின் படகுகளும் அங்கே கூடிவிடுகின்றன. இரவெல்லாம் யாராவது ஒருவரின் நங்கூரச் சங்கிலி மற்றவருடைய சங்கிலியின் மேல் விழுந்துகொண்டிருக்கும்.

என்னைப் பொறுத்தவரை இந்தப் பயணத்தின் சிகரம் வென்டோடெனே. தீவின் வடமுனையில் ரோமானியர்கள் எரிமலைச் சாம்பல் பாறையைக் குடைந்து துறைமுகம் உண்டாக்கினார்கள். கற்களைக் கொண்டுவந்து கடலில் கொட்டிச் சுவர் எழுப்பவில்லை. பாறையையே வெட்டி அகற்றி, கடலை உள்ளே விட்டார்கள். அலை தணியும்படி வாயிலை வளைத்து, கரையோரமாகச் சரக்கறைகளையும் அதே பாறையில் குடைந்து, கப்பல் கட்டும் தூண்களைப் பாறையிலிருந்தே பிரிக்காமல் செதுக்கி விட்டிருக்கிறார்கள். 2,000 ஆண்டுகள் கழித்தும் அது துறைமுகமாகவே இயங்குகிறது. குறுகிய வாயிலில் பெரிய சொகுசுப் படகுகள் நுழைய முடியாது, 1.20 மீட்டர் ஆழம் மட்டுமே கேட்கும் எங்கள் படகு தன் வீட்டுக்குள் போவதுபோலப் போனது. பழைய சரக்கறைகளில் இப்போது கடலில் மூழ்கிப் பார்க்க அழைத்துச் செல்பவர்களின் கடைகளும் சிற்றுண்டிக் கடைகளும் இருக்கின்றன. விடியலில் நீர் மட்டம் அசையாமல் இருக்கும்போது உளி பட்ட தடங்கள் நீருக்குக் கீழேயும் தொடர்ந்து இறங்குவதைப் படகிலிருந்தே பார்க்கலாம்.

இந்தச் சின்னத் தீவின் வேலை நெடுங்காலமாக மனிதர்களை மறைத்து வைப்பதுதான். கி.மு. 2-இல் அகஸ்டஸ் தம் ஒரே மகள் ஜூலியாவை இங்கே நாடு கடத்தினார். பின்னர் அவளுடைய மகள் அக்ரிப்பினாவும், நீரோவின் மனைவி ஒக்டேவியாவும் இங்கே அனுப்பப்பட்டார்கள். எதிரே தெரியும் சாண்டோ ஸ்டெஃபானோ தீவில், நடுவில் நிற்கும் காவலர் எல்லா அறைகளையும் பார்க்கும்படி 1795-இல் திறக்கப்பட்ட வட்டச் சிறை, கூரை உதிர்ந்து நிற்கிறது. பாசிச ஆட்சியில் வென்டோடெனேயில் அடைக்கப்பட்டிருந்த அல்டியெரோ ஸ்பினெல்லியும் எர்னெஸ்டோ ரோசியும் 1941-இல் ஐரோப்பா ஒரே கூட்டாட்சியாக வேண்டும் என்ற அறிக்கையை எழுதினார்கள். அது தீவிலிருந்து கள்ளத்தனமாகக் கடத்தப்பட்டது. பிரசல்ஸில் ஐரோப்பிய நாடாளுமன்றக் கட்டடங்களில் ஒன்றுக்கு இன்று ஸ்பினெல்லியின் பெயர். அவர்கள் தினமும் பார்த்த அதே கடலைப் பார்த்தபடி, அந்தத் தீவின் சின்னஞ்சிறு பயறில் வெங்காயமும் தக்காளியும் போட்டு நான் சமைத்ததை, நண்பர் வழக்கத்துக்கு மாறாக இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த நாள் இஸ்கியா. அதன் துறைமுகம் எரிமலை வாயில் தேங்கியிருந்த வட்டமான ஏரி. 1854-இல் நேப்பிள்ஸ் மன்னர் இரண்டாம் ஃபெர்டினாந்து கரையை வெட்டிக் கடலோடு இணைக்கச் செய்தார். எதிர்க் கரையில் பொட்சுவோலியில் நிலம் மூச்சு விடுவதுபோல நூற்றாண்டுக் கணக்கில் தாழ்ந்து உயர்கிறது. ரோமானியச் சந்தையின் பளிங்குத் தூண்களில் மனிதத் தலைக்கு மிக மேலே கடற்சிப்பிகள் துளைத்த ஓட்டைகள் இருப்பது, அவை ஒரு காலத்தில் நீரில் மூழ்கியிருந்ததற்குச் சான்று. 2005-க்குப் பிறகு நிலம் மறுபடி உயர்ந்துவருவதால், மீனவர்களின் சிறு துறையில் படகுகள் சேற்றில் உட்கார்ந்துவிடுகின்றன. வரைபடத்தில் அச்சிட்ட ஆழத்தை நம்ப முடியாத இடம். கிழக்கு நாடுகளின் மிளகும் துணியும் அலெக்சாந்திரியா வழியாக ரோமுக்கு வந்து இறங்கிய துறை இது. இந்தச் சுற்றுவட்டாரத்துக் காம்பானியா மண்ணில் செய்த மதுச் சாடிகளின் துண்டுகள் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் கிடைத்திருக்கின்றன. சங்கப் புலவர்கள் யவனர் தந்த மதுவைப் பாடியபோது, அதில் ஒரு பகுதியாவது இந்தக் குன்றுகளின் திராட்சையாக இருந்திருக்கலாம் என்ற எண்ணம் என்னைப் போன்றவனுக்கு அங்கே வராமல் இருக்காது.

காப்ரியைச் சுற்றி வந்தோம், இறங்கவில்லை. படகுக் கட்டணம் எங்கள் ஒரு வார மளிகைச் செலவை விட அதிகம். தவிர, விரைவுப் பயணிகள் படகுகள் கிளப்பும் அலைகளில் பாய்மரம் ஆடிய ஆட்டத்தில் அடுப்பைப் பற்றவைக்கவே முடியவில்லை. புரோசிடா அதற்கு நேர்மாறு. மீன்வலைகள் காயும் துறை, எலுமிச்சையைத் தோலின் வெள்ளைச் சதையோடு நறுக்கி மிளகாயும் புதினாவும் சேர்க்கும் சாலட், சிறு படகுகளுக்கு இடம் தரும் நியாயமான மனிதர்கள். கோடையின் நடுவில் எங்கேயும் விலை ஏறிவிடுகிறது. மே, ஜூன், செப்டம்பர் மாதங்களில் காற்றும் மனிதர்களும் இருவருமே மென்மையாக இருக்கிறார்கள்.

இப்போது படகு நேப்பிள்ஸ் வளைகுடாவில் ஒரு பட்டறையில், நிழலில், ஈரச் சாக்கு போர்த்தி நிற்கிறது. அடுத்து ஸ்ட்ரோம்போலிக்கு நேராக ஓட வேண்டும் என்கிறார் நண்பர்; 100 கடல் மைலுக்கு மேல் திறந்த கடல், இரவுப் பயணம், எரிமலையின் சிவந்த வெளிச்சமே வழிகாட்டி. சிலெந்தோ கரையை ஒட்டி, அக்ரோபோலி, பாலினூரோ என்று பகல் பகலாக இறங்கலாம் என்பது என் கட்சி. அடிப்பகுதி இரும்பைப் படகோடு பிணைக்கும் நீண்ட ஆணிகளைக் கழற்றித் துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று தச்சர் வசந்தத்தில் பார்க்கப் போகிறார். அவர் சொல்வதைப் பொறுத்துத்தான் எந்த வழி என்பது முடிவாகும்.